கிம்ச்சி தொடுகறியாகவே இருக்கட்டும், மருந்தாக வேண்டாம்

கேள்வி: எனக்கு 44 வயது. பல வருடங்களாக மலச்சிக்கல். குடலுக்கு நல்லது என்று காணொளிகளில் பார்த்துவிட்டு ஒரு மாதத்துக்கு முன் வீட்டிலேயே கிம்ச்சி (முட்டைக்கோஸை உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கொரிய ஊறல்) போட்டேன். உப்பெல்லாம் கைக்கணக்குதான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடுகிறேன். ஐந்தாறு நாளிலேயே வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டது. ‘நச்சு வெளியேறுகிறது, நிறுத்திவிடாதீர்கள்’ என்கிறார் காணொளியில் பேசுகிறவர். இரண்டாவது ஜாடியில் மேலாக வெள்ளை ஆடை படிந்திருக்கிறது. எறியவும் மனமில்லை, சாப்பிடவும் பயம். கணவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். மாமியாருக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாமா? அடுத்து கொம்புச்சா என்ற புளித்த தேநீரும் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் காலைக் கிண்ணத்தை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

வயிறு உப்புவதற்கும் நச்சுக்கும் சம்பந்தம் இல்லை. உடம்பின் கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. அந்த வேலைக்கு வயிறு கல் மாதிரி ஆக வேண்டியதில்லை. உங்களுக்கு நடந்தது வேறு. முட்டைக்கோஸிலும் பூண்டிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டான் என்றொரு வகைச் சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனிதனின் சிறுகுடலால் அதை உடைக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது, அங்கிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று வாயு விடுகிறது. ஜாடிக்குள் நடந்து முடியாத மிச்ச வேலை உங்கள் வயிற்றில் நடக்கிறது, அவ்வளவுதான். அதோடு மிளகாயும் புளிப்பும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் எரிச்சலுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று உடம்பு சொல்வதை ‘வேலை செய்கிறது’ என்று மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. என் அறைக்கு வருகிறவர்களில் பலர் இந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாரக்கணக்கில் அவதிப்பட்ட பிறகுதான் வருகிறார்கள்.

கிம்ச்சியைக் கொரியர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். சோறு, சூப், கூடவே சின்னச் சின்னத் தட்டுகளில் பன்சான் எனப்படும் தொடுகறிகள். அவற்றில் ஒன்று கிம்ச்சி. கவளத்துக்கு ஒரு துண்டு. யாரும் அதைக் கிண்ணத்தில் கொட்டி வெறும் வயிற்றில் மருந்து மாதிரி விழுங்குவதில்லை. குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013-ல் யுனெஸ்கோ தென்கொரியாவின் கிம்ஜாங்கைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது காய்கறி கிடைக்காத மாதங்களைத் தாண்டுவதற்கான ஏற்பாடு. குடல் சிகிச்சை என்ற பட்டம் பிறகு மற்றவர்கள் கட்டியது.

அப்படியானால் உடல்நலப் பேச்சு எல்லாம் பொய்யா? இல்லை. ஆனால் சொல்லப்படுவதைவிடச் சிறியது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2021-ல் ‘செல்’ இதழில் வெளியிட்டது. ஆரோக்கியமான 36 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும் இன்னொரு குழுவுக்குப் புளித்த உணவுகளும் 10 வாரம் கொடுத்தார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியோடு தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் சாப்பிட்டது கிம்ச்சி மட்டும் அல்ல. தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், காய்கறி நொதிநீர், கொம்புச்சா என்று பலவும் கலந்து, நாளுக்குச் சராசரியாக ஆறு பரிமாறல். அளவையும் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். 36 பேர் என்பது மிகச் சின்னக் கூட்டம். யாருக்கும் நோய் குணமானதாக அந்த ஆய்வு சொல்லவில்லை, மலச்சிக்கலைத் தீர்க்கும் என்றும் சொல்லவில்லை.

புளித்த உணவில் மருந்தைத் தேடும் இந்த ஆசை புதிதும் அல்ல. நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்ற எலி மெச்னிகாஃப், பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பித் தானும் தினமும் குடித்தார். 1916-ல், 71 வயதில் இறந்தார். அந்தக் காலத்துக்கு மோசமான ஆயுள் இல்லை, அதிசயமும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். புளித்த உணவும் புரோபயாட்டிக்கும் ஒன்றல்ல. இன்ன வகை நுண்ணுயிரை இன்ன அளவில் கொடுத்தால் இன்ன பலன் என்று சோதித்து நிறுவியதற்குத்தான் புரோபயாட்டிக் என்று பெயர். உங்கள் ஜாடியில் எந்தப் பாக்டீரியா எத்தனை கோடி என்பது ஒவ்வொரு முறையும் மாறும். கடையில் விற்கிற சில ஜாடிகளில் உயிருள்ளது எதுவுமே இருக்காது. சூடாக்கிப் பதப்படுத்தியிருந்தால் பாக்டீரியா செத்திருக்கும். வினிகரில் போட்டது நொதித்ததே கிடையாது. கிம்ச்சியைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தாலும் அதே கதைதான். ருசியும் புளிப்பும் மிஞ்சும், உயிர் மிஞ்சாது. அதனால் அது வீண் என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறிப் புளித்த கிம்ச்சியை வீணாக்காமல் ஜிகே என்ற குழம்பாக்குவதுதான் கொரிய வழக்கம்.

இனி அந்த வெள்ளை ஆடைக்கு வருவோம். ஜாடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆடை தட்டையாக, பால் காய்ந்தது மாதிரி லேசாகச் சுருங்கி, ஒரே வெளிர்நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட். காற்று படும் இடத்தில் வளரும். கெடுதல் செய்யாது, வாடையைத்தான் கெடுக்கும். பஞ்சு மாதிரி மேலெழும்பி, ரோமம் ரோமமாக, பச்சையோ கறுப்போ இளஞ்சிவப்போ கலந்திருந்தால் பூஞ்சணம். அதை மேலாகக் கரண்டியால் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழத்தில் அதன் இழைகள் ஓடியிருக்கும். ஜாடியோடு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

உங்கள் ஜாடி இதில் எந்த வகையாக இருந்தாலும் சரி, கொட்டிவிடுங்கள் என்பதே என் பதில். ஆடைக்குப் பயந்து சொல்லவில்லை. உப்பு கைக்கணக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

கிம்ச்சியைப் பாதுகாப்பது இரண்டு விஷயங்கள்: ஆரம்பத்தில் உப்பு, பிறகு புளிப்பு. முட்டைக்கோஸ் இலையில் நல்லதும் கெட்டதுமாகப் பலவகை நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டுதான் வரும். போதிய உப்பு பட்டதும் கெட்ட வகைகள் பலவும் தளர்ந்துபோகின்றன. உப்பைத் தாங்குகிற லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியா முதலில் தலையெடுக்கும். கரியமில வாயுவை விட்டு ஜாடியிலிருந்து பிராணவாயுவை வெளியே தள்ளும், கூடவே லாக்டிக் அமிலமும் சுரக்கும். குமிழி வருவதும் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்பதும் இந்தக் கட்டத்தில்தான். புளிப்பு ஏற ஏற அவையே ஒதுங்கிக்கொள்ள, அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் இனங்கள் பொறுப்பெடுத்துக்கொள்கின்றன. புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். என்ற அளவு 4.6-க்குக் கீழே போய்விட்டால் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர முடியாது. நல்ல கிம்ச்சி அதற்கும் கீழே, 4.2-ஐ ஒட்டி நிற்கும். உப்பு குறைந்தால் இந்த வரிசை குலையும். கூடினால் நொதிப்பு மந்தமாகும். உங்கள் கணவருக்கும் வம்பு.

ஆகவே சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கரண்டிக் கணக்கு ஏமாற்றும். பொடி உப்பு ஒரு கரண்டியில் நெருக்கமாக நிரம்பும், கல் உப்பு இடைவெளி விட்டு நிரம்பும். ஒரே கரண்டியில் எடை வெகுவாக மாறும். கொரிய வீட்டு முறையில் கோஸை உப்பில் மணிக்கணக்கில் ஊறவைத்து மூன்று முறை அலசுவார்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது சரி. புதியவர்களுக்கு, அலசிய பிறகு எவ்வளவு உப்பு தங்கியது என்று தெரியாமல் போகும். நீங்கள் இப்படிச் செய்யுங்கள். நீளமான நாபா கோஸின் இலைகளைப் பிரித்து ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நீரை வடித்து, துண்டாக்குங்கள். முள்ளங்கியும் வெங்காயத்தாளும் சேர்த்து மொத்தமாக எடை போடுங்கள். 1 கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. அயோடின் உப்பானாலும் பரவாயில்லை. பிசிறிவிட்டு ஓரிரண்டு மணிநேரம் விடுங்கள். வெள்ளைத் தண்டு ஒன்றை எடுத்து வளையுங்கள்: ‘படக்’ என்று முறிந்தால் இன்னும் பதம் வரவில்லை, ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் தயார். ஊறிய நீரைக் கொட்டாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள் விழுதை அதிலேயே கலந்துகொள்ளுங்கள். கோச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த்தூள் நிறம் கூடியது, காரம் மட்டானது. வேறு தூள் போட்டால் அளவைக் குறையுங்கள். மீன் சாஸ் சேர்த்தால் அதன் உப்பையும் கணக்கில் வையுங்கள். இறால், மீன் ஒவ்வாதவர்களும் சைவர்களும் அதை விட்டுவிடலாம், நொதிப்புக்கு அது தேவையில்லை.

கண்ணாடி ஜாடியில் கால் பங்கு காலியாக விட்டு அழுத்தி அடையுங்கள். காய் சாற்றுக்குள் முழுகியிருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது ஜாடியில் ஆடை படிந்தது காய் மேலே மிதந்ததால்தான் இருக்கும். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். என் முதல் ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, ஊருக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் வந்து திறந்தேன். அன்று தெறித்த சிவப்புச் சாற்றின் பொட்டுகள் அடுத்த முறை சுவருக்கு வெள்ளையடிக்கும்வரை இருந்தன. தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள்.

அறையின் வெப்பம் 20 டிகிரி அளவில் இருந்தால் இரண்டு நாளில் புளிப்பு தட்டும். 30 டிகிரியில் ஒரு நாளே போதும். சுத்தமான கரண்டியால் கொஞ்சம் எடுத்து ருசி பாருங்கள். உப்புக்கு முன்னால் புளிப்பு நாக்கில் தெரிந்தால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றலாம். சந்தேகமாக இருந்தால் பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். மிளகாய் நிறம் ஏறாத தெளிந்த சாற்றில் தொட்டால்தான் நிறம் சரியாகப் படிக்க வரும். கொழகொழப்பு, அழுகல் நாற்றம், இயல்பில்லாத நிறம் இருந்தால் ருசிகூடப் பார்க்காதீர்கள்.

கழுவுவதைச் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 2021 இறுதியில் கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் மாகாணங்களில் பரவிய ஈ.கோலி என்ற பாக்டீரியாவின் தொற்றுக்குக் காரணம் நாபா கோஸ் கிம்ச்சி என்று கண்டுபிடித்தார்கள். புளிப்பு எல்லாக் கிருமியையும் உடனே கொன்றுவிடாது. கை, கத்தி, பலகை, கழுவும் தண்ணீர் நான்கும் சுத்தமாக இருந்தால்தான் புளிப்பு தன் வேலையைச் செய்ய முடியும்.

உங்கள் கணவர் விஷயத்தில் கவலை பாக்டீரியா அல்ல, உப்பு. 2 சதவீத உப்புள்ள கிம்ச்சி 100 கிராம் என்றால் அதில் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் காலையில் சாப்பிட்ட கிண்ணம் 150 கிராம் என்று வைத்தால், நாள் தொடங்கும் முன்பே 3 கிராம் போய்விட்டது. அவருக்கு 20, 25 கிராம் கிம்ச்சி போதும். அன்று மற்ற உணவில் உப்பைக் குறைத்துக்கொண்டால் சரி. சோடியம் குறைந்த உப்பில் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கிவைப்பவை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். உப்பு மிகுந்த ஆசியப் பாரம்பரியக் காய்கறி ஊறல்களை, புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற ‘2பி’ பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு துண்டு சாப்பிடுகிறவர் இதற்குப் பயப்பட வேண்டாம். கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவது ஏன் தப்பு என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மாமியார் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். வார்ஃபரின் வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. முட்டைக்கோஸ் குடும்பக் கீரைகளில் அந்த வைட்டமின் உண்டு. அதற்காக இலைக்காய்களையே தொடக்கூடாது என்று இல்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்கக்கூடாது. திடீரென்று தினம் ஒரு கிண்ணம் என்றால் மருந்தின் வீரியம் குறைந்து, செயற்கை வால்வில் ரத்தம் உறையும் அபாயம் வரலாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும், சின்ன அளவு, தினமும் அதே அளவு. ஜப்பானியர்களின் நாட்டோ என்ற புளித்த சோயாவில் வைட்டமின் கே மிக அதிகம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது கூடவே கூடாது. செயற்கை வால்வு இருப்பவருக்கு உயிருள்ள பாக்டீரியா மாத்திரைகளையும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மிக அரிதாக, அவை ரத்தத்தில் கலந்து வால்வில் தொற்றிய சம்பவங்கள் உண்டு. கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் போல எதிர்ப்புச் சக்தி ஒடுங்கியவர்களுக்கும் வீட்டில் நொதித்தது வேண்டாம் என்றுதான் சொல்வேன். புளித்த உணவில் ஹிஸ்டமின், டைரமின் என்ற வேதிப்பொருள்கள் சேரும்; ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்கு அது தலைவலியைக் கிளப்பும். மனச்சோர்வுக்குப் பழைய எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் எகிறவும் கூடும்.

கொம்புச்சா இப்போதைக்கு வேண்டாம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சர்க்கரை போட்ட தேநீரில் வளர்வது அது. மிச்சச் சர்க்கரையும் கொஞ்சம் ஆல்கஹாலும் அதில் இருக்கும், வீட்டில் போட்டால் எவ்வளவு என்று கணிக்க முடியாது. பின்னால் என்றைக்காவது போட்டாலும் மெருகு பூசிய பழைய பீங்கானில் மட்டும் போடாதீர்கள். மெருகில் ஈயம் இருந்தால் அமிலம் அதைக் கரைத்து இறக்கிவிடும்.

இரண்டு வாரம் கிம்ச்சியே இல்லாமல் வயிற்றை ஆறவிடுங்கள். பிறகு மதிய உணவோடு ஒரு மேசைக்கரண்டி, ஒரு வாரம் அதே அளவு. உப்புசம் இல்லை என்றால் இரண்டு கரண்டி. 40, 50 கிராமுக்கு மேல் போக எந்த அவசியமும் இல்லை. ஒரு கரண்டிக்கே உப்பினால் பூண்டும் வெங்காயமும் இல்லாமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கும் உப்பினால் உங்கள் குடலுக்குக் கிம்ச்சி சரிப்படாது. விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன மலச்சிக்கல். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 100 கிராம் கிம்ச்சியில் நார்ச்சத்து 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும். அதைப் பருப்பு, முழுதானியம், பழம், சமைத்த காய் என்று மற்ற உணவில்தான் தேட வேண்டும். தண்ணீரும் நடையும் கூடவே. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மந்தமாக இருந்தாலும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிட்டாலும்கூட இப்படி ஆகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, சமீபத்தில் மாறிய மலப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் – இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போய்விடுங்கள். மூன்றாவது ஜாடி அதற்குப் பிறகு இருக்கட்டும். போடும்போது மூடியில் ஒரு சீட்டு ஒட்டி, தேதியும் எத்தனை கிராம் உப்பு என்பதும் எழுதிவையுங்கள்.